ஒதிலியா ரேடியோவில் கேட்ட கேள்வி

ஒதிலியா மன்சீயாவைப் பள்ளிக்கூடத்துச் சமையல்காரி என்று சொன்னால் பாதிதான் சொன்னதாகும். தென்கோடி மலைகளுக்குள் இருக்கிற எங்கள் தோர்தோவில் பள்ளிக்கூடம் என்றாலே ஒதிலியாதான். நான் பாடம் நடத்தினேன், அவ்வளவுதான். மணி அடிப்பது, அடுப்பு மூட்டுவது, விடுதிப் பிள்ளைகளுக்குப் பேன் பார்ப்பது, அழுகிற குழந்தையை ஒரு கையில் இடுக்கிக்கொண்டு மறு கையால் ஆட்டுத்தொடையை வெட்டுவது எல்லாம் அவள் வேலை. அவள் சமையலறையில் சிரித்தால் என் வகுப்பில் பாடம் நின்றுவிடும். எதற்குச் சிரிக்கிறாள் என்று தெரியாமலேயே பிள்ளைகள் சிரிப்பார்கள். கொஞ்ச நேரத்தில் நானும் சிரிப்பேன். வகுத்தல் கணக்கு கரும்பலகையில் பாதியில் நிற்கும்.

அவள் பிறந்தது வடக்கே சிலோயே தீவில். அண்ணன் காடு வெட்டி நிலம் பிடிக்க இந்தப் பக்கம் வந்தபோது, அவனுக்குச் சமைத்துப்போட அவளையும் கப்பலேற்றி அனுப்பினார்கள். அண்ணன் இரண்டு வருடம் மரம் வெட்டினான். பிறகு ஆட்டுரோமம் கத்தரிக்கும் கூட்டம் ஒன்றோடு எல்லை தாண்டி அர்ஜென்டினாவுக்குப் போனவன், அங்கே ஒருத்தியைக் கட்டிக்கொண்டு தங்கிவிட்டான். ஒதிலியா ஒருநாள் அழுதாள். மறுநாள் இன்னொரு கத்தரிப்புக் கூட்டத்தில் சமையல்காரியாகச் சேர்ந்தாள். கோடை முழுக்கப் பண்ணை பண்ணையாகப் போவார்கள். ஒரு வண்டி நிறைய ஆண்களுக்கு அவள் ஒருத்தி சமைப்பாள். அவளிடம் வாலாட்டிய ஒருவனை ரோம மூட்டைக்குள் திணித்து வாயைத் தைத்துவிட்டாள் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. நான் ஒருமுறை கேட்டேன். "தைக்கல டீச்சர். கட்டித்தான் வெச்சேன்," என்றாள்.

அப்படிப்பட்டவளைப் பெண் கேட்க யாருக்கும் துணிச்சல் வரவில்லை. நாற்பதைத் தாண்டினாள். பள்ளிக்கூடத்து வேலைக்கு வந்தாள். அதற்குப் பிறகுதான் பெலார்மினோ ஒயார்சோ ஞாயிற்றுக்கிழமைகளில் வர ஆரம்பித்தார்.

பெலார்மினோ எருதுகளை வைத்து மரம் இழுப்பவர். ஓடையோரத்தில் தனிக்கட்டையாக இருந்தார். கிளாவெல், லுசேரோ என்று இரண்டு எருதுகள். மனிதர்களிடம் பேசுவதைவிட அவற்றிடம் அதிகம் பேசுவார் என்பார்கள். ஞாயிறு மதியம் சவரம் செய்துகொண்டு, மேட்டில் ஏறி, சமையலறை வாசலில் பூட்ஸைத் துடைப்பார். அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தொப்பியை முழங்காலில் வைத்துக்கொள்வார். ஒதிலியா மாத்தே என்ற மூலிகைத் தேநீரைக் கலந்து கொடுப்பாள். அவர் உறிஞ்சிவிட்டுத் திருப்பிக் கொடுப்பார். காற்று மேற்கே திரும்பிவிட்டது என்பார். இன்னொரு சுற்று. ஆற்றில் தண்ணீர் ஏறியிருக்கிறது என்பார். பொழுது சாயும்போது தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு இறங்கிப் போய்விடுவார். ஆறேழு வருடம் இதேதான். கல்யாணம் எப்போது என்று ஊர் முதலில் கேலி பேசியது. பிறகு அதுவும் சலித்துப்போய் விட்டுவிட்டது.

சுனில்தா மட்டும் விடவில்லை. மேட்டுக்கும் ஓடைக்கும் நடுவில் அவள் வீடு. விதவை, கோழி வளர்ப்பவள். பெலார்மினோ மேலே போகும்போதும் கீழே வரும்போதும் ஏதாவது ஒரு முட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வேலியோரம் நிற்பாள். அவர் தொப்பியைத் தொட்டுவிட்டுப் போய்விடுவார்.

தொண்ணூற்றைந்தில் அந்தப் பனி வந்தது.

எங்களுக்குப் பனி புதிதல்ல. வருடா வருடம் விழும், கிடக்கும், சேறாகும். ஆனால் அந்த ஆகஸ்டில், எங்கள் குளிர்காலத்தின் கடைசியில், விழுந்தது எங்களுக்குத் தெரிந்த பனியே இல்லை. சத்தமில்லாமல், காற்றில்லாமல், மாவு சலிக்கிற மாதிரி இரவும் பகலும் கொட்டியது. முதலில் வேலிகள் மறைந்தன. பிறகு ஜன்னல்கள். ஒரு காலை எழுந்து சமையலறைக் கதவைத் திறந்தேன். கதவுக்கு வெளியே இன்னொரு கதவு நின்றது. வெள்ளையாக, பலகையின் கோடுகளும் கைப்பிடிக் குழியும் அப்படியே பதிந்திருந்தன. ஒதிலியா வந்து எட்டிப் பார்த்தாள். கையில் வைத்திருந்த அகப்பையால் அதை ஒரு குத்து குத்தினாள். ஒரு பெரிய கட்டி உள்ளே விழுந்து என் பாதத்தை மூடியது. "சரி, இன்னைக்கி தண்ணி எடுக்க வெளிய போக வேணாம்," என்று சொல்லி அந்தக் கட்டியைத் தூக்கிப் பானையில் போட்டாள்.

விடுதிப் பிள்ளைகளால் வீட்டுக்குப் போக முடியவில்லை. கூரை பலமில்லாத வீட்டுக்காரர்கள், பனி அதிகமாவதற்கு முன்பே மெத்தையோடும் நாய்களோடும் பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்திருந்தார்கள். பக்கத்துக் கட்டடம்தான் காவல் நிலையம். சார்ஜென்ட் ரிக்கெல்மேயும் ஆண்களும் சேர்ந்து இரண்டு கட்டடத்துக்கும் நடுவில் ஆள் நடக்கப் பனியில் ஒரு வாய்க்கால் வெட்டினார்கள். அதன் சுவர்கள் ஆளை விட உயரம். அதற்கப்பால் யாராலும் போக முடியவில்லை. புதுப்பனி, ஈரமில்லாத பனி. காலை வைத்தால் அக்குள் வரை உள்ளே போய்விடும். துணிந்து இறங்கிய ஒருவரைக் கயிற்றைக் கட்டி இழுத்து எடுத்தோம். அவருடைய ஒரு பூட்ஸ் நவம்பரில்தான் கிடைத்தது.

மாடி ஜன்னல் வாசலானது. உச்சிக்கூரையிலிருந்து பனி முற்றத்துக்கு ஒரே சரிவாக இறங்கியது. பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக் கொட்டகையிலிருந்து ஒரு தகரத்தைப் பிய்த்தெடுத்து அதில் உட்கார்ந்து சறுக்கினார்கள். ஒதிலியா கத்துவாள், தகரத்தைப் பிடுங்கி ஒளித்து வைப்பாள், மறுநாள் இன்னொரு தகரம் வரும். துவைத்துக் காயப்போட்ட துணிகள் பலகையாக விறைத்தன. சார்ஜென்டின் நீளமான உள்ளாடை தானாகவே சுவரில் சாய்ந்து நின்றது. ஒரு பெண்பிள்ளை அதன் கையைப் பிடித்து நடனமாடினாள். சார்ஜென்ட் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, அது தன்னைவிட நன்றாக ஆடுவதாகச் சொன்னார். பயப்பட வேண்டிய நேரம்தான். வெளியே மேய்ச்சலில் ஆடுகள் நின்ற இடத்திலேயே புதைந்துகொண்டிருந்தன என்று எல்லாருக்கும் தெரியும். சிலருக்கு அந்த வசந்தத்தில் பாதி மந்தைகூட மிஞ்சவில்லை. ஆனால் அத்தனை பேர் ஒரே கூரையின் கீழ், ஒரே அடுப்பைச் சுற்றி, வேலைக்கும் போக முடியாமல் அடைந்து கிடந்தபோது என்னவோ ஆகிவிட்டது. எதைப் பார்த்தாலும் சிரிப்பு வந்தது. பெரியவர்களே பித்துப் பிடித்தவர்கள் மாதிரி இருந்தோம்.

ஒதிலியா எல்லாருக்கும் சமைத்தாள். பொரித்த ரொட்டி மலைமலையாக வரும். ரொட்டி எண்ணெயில் உப்பிக்கொண்டிருக்கும்போதே மாடிக்கு ஓடி ஜன்னலில் எட்டிப் பார்த்துவிட்டு வருவாள். முதலில் நான் கவனிக்கவில்லை. பிறகு நானும் கூடப் போய் எட்டிப் பார்த்தேன். கீழே எல்லாம் வெள்ளை மேடுகள். நடுவில் ஒரு மேடு சுனில்தாவின் வீடு. அதற்கும் கீழே ஓடையோரத்தில் ஒரு சின்ன மேடு, அதன் உச்சியில் இரண்டு விரல் நீளத்துக்குப் புகைபோக்கி, அதிலிருந்து புகை. பெலார்மினோ அடுப்பெரிக்கிறார் என்றால் உயிரோடு இருக்கிறார் என்று அர்த்தம். அதைப் பார்த்துவிட்டு அவள் கீழே வந்து ரொட்டியைத் திருப்பிப் போடுவாள்.

ஒரு காலை அந்தப் புகை இல்லை. புகைபோக்கியும் இல்லை. அங்கே வழவழவென்று பனி மட்டும் இருந்தது.

அன்று ஒதிலியா ரொட்டியைக் கருக்கினாள். நான் தோர்தோவுக்கு வந்த நாளிலிருந்து அவள் எதையும் கருக்கிப் பார்த்ததில்லை. அதையே எல்லாரும் தின்றோம். அவள் மேலங்கியை மாட்டிக்கொண்டு வாய்க்கால் வழியாகக் காவல் நிலையத்துக்குப் போனாள். நானும் பின்னால் ஓடினேன்.

எங்கள் பக்கத்தில் தொலைவில் இருப்பவர்களுக்குச் செய்தி சொல்ல ரேடியோவைத்தான் நம்புவோம். நகரத்து ரேடியோ நிலையத்தில் மதியச் செய்தி முடிந்ததும் டோன் அனிசெத்தோ என்ற அறிவிப்பாளர் ஒவ்வொன்றாக வாசிப்பார். இன்னாருக்கு, குழந்தை பிறந்தது, பெண், தாய் நலம். இன்னாருக்கு, குதிரையைக் கொண்டு வந்து பாலத்தருகே காத்திருக்கவும். மலைக்குள் தனியாக இருக்கிற மேய்ப்பன்கூட அந்த நேரத்தில் ரேடியோவைத் திருப்பி வைத்துக் காத்திருப்பான். தனக்குச் செய்தி இல்லாவிட்டாலும் ஊரார் கதை எல்லாம் தெரிந்துவிடும்.

சார்ஜென்டிடம் போலீஸ் ரேடியோ இருந்தது. அதில் நகரத்துப் போலீஸைக் கூப்பிட்டு, அவர்கள் ரேடியோ நிலையத்துக்குச் சொல்லி, டோன் அனிசெத்தோ வாசித்தால், கண்ணுக்கெதிரே மேட்டடியில் இருக்கிற மனிதருக்குச் செய்தி போய்ச் சேரும். "பக்கத்து வீட்டுக்காரருக்கு ரேடியோவுலயா?" என்று சார்ஜென்ட் கேட்டார். ஒதிலியா கருவியை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

மதியம் எல்லாரும் ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்தோம். டோன் அனிசெத்தோவின் கனத்த குரல் வந்தது. "தோர்தோ, ஓடைக்கரை, பெலார்மினோ ஒயார்சோவுக்கு. உயிரோடு இருந்தால் புகை காட்டவும். ஒதிலியா. திரும்பவும் வாசிக்கிறேன்." திரும்பவும் வாசித்தார்.

மாடி ஜன்னலில் தலைகள் முட்டிக்கொண்டன. வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு அந்த வழவழப்பான பனியில் ஒரு புள்ளி தோன்றியது. எருது ஓட்டும் கோலின் நுனி. அது மேலே வந்தது, சுற்றியது, உள்ளே போனது. அடுத்து, அப்பாடி, என்ன புகை. கன்னங்கரேலென்று, சுருள் சுருளாக, ரயில் எஞ்சின் மாதிரி. பழைய டயரைப் போட்டு எரிக்கிறார் என்று சார்ஜென்ட் கண்டுபிடித்தார். பள்ளிக்கூடமே கைதட்டியது. ஒதிலியா ஜன்னல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகத்தைத் துடைத்த கையில் மாவு இருந்ததால் மூக்கெல்லாம் வெள்ளை.

பிறகுதான் தெரிந்தது. அந்த இரவு எழுந்த காற்று பனியைக் கொண்டுவந்து புகைபோக்கியை அடைத்திருக்கிறது. வீட்டுக்குள் புகை சூழ்ந்ததால் அடுப்பை அணைத்துவிட்டு, வீட்டை ஒட்டிய தொழுவத்தில் எருதுகளோடு சேர்ந்து படுத்துக் குளிர் காய்ந்துகொண்டிருந்திருக்கிறார். ரேடியோவில் தன் பெயரைக் கேட்டதும்தான் கோலை எடுத்துக் குத்தியிருக்கிறார்.

அடுத்த நாளிலிருந்து அது ஒரு பேச்சாகவே ஆகிவிட்டது. அவள் ரேடியோவில் கேட்பாள், அவர் புகையில் சொல்வார். ஆமாம் என்றால் கறுப்பு, இல்லை என்றால் வெள்ளை என்று சார்ஜென்ட் விதி வகுத்து, அதையும் ரேடியோவில் வாசிக்கவைத்தார். மாவு இருக்கிறதா? கறுப்பு. எருதுகள் நலமா? கறுப்பு. உடம்புக்கு ஏதாவது? வெள்ளை. ஈர விறகைப் போட்டால் வெள்ளை தானாக வரும். கறுப்புக்கு டயர்.

நகரத்து ரேடியோவில் கேள்வி மட்டும்தான் வந்தது. பதில் எங்களுக்கு மட்டும்தான் தெரிந்தது. அதனால் மற்ற ஊர்க்காரர்களுக்குப் பொறுக்கவில்லை. எங்கோ ஒரு பண்ணையில் பனியில் அடைபட்டவர்கள், தங்கள் ஊர்ப் போலீஸைப் பிடித்து, தோர்தோ எருதுகளுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். ஒரு கலங்கரை விளக்கத்திலிருந்து கேட்டார்கள். டோன் அனிசெத்தோவே, ஒருநாள் செய்தியெல்லாம் முடிந்த பிறகு, கொஞ்சம் தயங்கி, "தோர்தோ காவல் நிலையம் தயவுசெய்து பதில்களையும் தெரிவிக்கவும். நேயர்கள் கேட்கிறார்கள்," என்றார். இது போலீஸ் அலைவரிசை, அடுப்படிப் பேச்சுக்கு அல்ல என்று நகரத்து அதிகாரி சார்ஜென்டைக் கண்டித்தார். கண்டித்து முடித்துவிட்டு, அந்த மனிதரிடம் சர்க்கரை இருக்கிறதா என்று விசாரித்தார்.

இப்படி இருக்கும்போது ஒருநாள் காலை ஒதிலியா எழுந்து, எல்லாருக்கும் கஞ்சி ஊற்றிவிட்டு, ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். தலையைச் சீவிக்கொண்டாள். காவல் நிலையத்துக்குத்தான் போகிறாள் என்று தெரிந்தது. தலையை ஏன் சீவினாள் என்று தெரியவில்லை.

அங்கே கருவியைக் கையில் வாங்கி, வாயருகே வைத்து, பொத்தானை அழுத்தி, சொல்ல வேண்டியதைச் சொன்னாள். நானும் சார்ஜென்டும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். மறுமுனையில் இருந்த போலீஸ்காரர் கேட்டார்.

"இப்படியேவா சொல்லணும், டோன்யா ஒதிலியா?"

"இப்படியேதான். ஒரு வார்த்தை மாத்தக் கூடாது."

"அவரு இல்லைன்னு சொல்லிட்டா? நாடே கேக்குதே."

"கேக்கட்டும். ஆறேழு வருஷமா எனக்கு மட்டும் தெரியாம இருந்தது போதும்," என்றாள் ஒதிலியா.

திரும்பி வரும்போது வாய்க்காலில் நின்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். "புகை இல்லாத அன்னிக்கி, டீச்சர், எனக்கு ஒண்ணு தோணிச்சு. அவரு செத்திருந்தா நான் யாருன்னு அழுவேன்? சும்மா மாத்தே குடுத்தவளா?" என்றாள்.

அன்று மதியம் டோன் அனிசெத்தோ வழக்கத்தைவிட மெதுவாக வாசித்தார். நடுவில் ஒருமுறை இருமினார். "தோர்தோ, ஓடைக்கரை, பெலார்மினோ ஒயார்சோவுக்கு. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருகிறீர்கள். மாத்தே குடிக்க வருகிறீர்களா, என்னைப் பார்க்க வருகிறீர்களா? மாத்தேவுக்கு என்றால் வெள்ளை. எனக்கு என்றால் கறுப்பு. ஒதிலியா மன்சீயா. திரும்பவும் வாசிக்கிறேன்." மூன்று தடவை வாசித்தார்.

எல்லாரும் மாடிக்கு ஓடினோம். மாடிப்படி முறிந்துவிடும் போல் இருந்தது. புகைபோக்கியிலிருந்து எப்போதும் போல மெல்லிய சாம்பல் நிறப் புகை ஆடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் அது மெலிந்தது. நூலானது. நின்றுவிட்டது.

கறுப்பும் இல்லை, வெள்ளையும் இல்லை. ஒன்றுமே இல்லை.

நாய்கள்கூடப் படுத்துவிட்டன. ஒருத்தி சொன்னாள், ரேடியோ பாட்டரி தீர்ந்திருக்கும், கேட்டிருக்க மாட்டார் என்று. கேட்காதவர் அடுப்பை ஏன் அணைக்க வேண்டும் என்று இன்னொருவர் சொல்லப்போய், மனைவியிடம் முழங்கையால் இடி வாங்கினார். ஒதிலியா கீழே போய் உருளைக்கிழங்கு உரித்தாள். இரவு உணவுக்குத் தேவையானதைவிட நிறைய உரித்தாள். ஊரே மூன்று நாள் தின்றாலும் தீராத அளவுக்கு உரித்துக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் விடிந்தபோதும் புகை இல்லை. சூரியன் வந்திருந்தது. கண் கூசியது. இரவுக் குளிரில் பனியின் மேற்பரப்பு இறுகி, வெல்லப்பாகு உறைந்த மாதிரி பளபளத்தது. அப்போதுதான் கீழேயிருந்து தட்டு தட்டும் சத்தம் கேட்டது. சுனில்தா தன் வீட்டு மாடி ஜன்னல் வழியாகக் கூரைமேல் ஏறி நின்றுகொண்டு, இரண்டு பாத்திரங்களை மோதிக்கொண்டிருந்தாள். கோழிகள் பயங்கரமாகக் கத்திக்கொண்டிருந்தன. ஏதோ ஒன்று பனிக்கு அடியில் தோண்டிக்கொண்டு கோழிக்கூண்டுக்குள் வருகிறது, சுவர் ஆடுகிறது, பூமாதான், மலைச்சிங்கம்தான், பசி தாங்காமல் இறங்கி வந்துவிட்டது என்று அவள் கத்தியது மேடு வரை கேட்டது.

சார்ஜென்ட் துப்பாக்கியை எடுக்கப் போனார். எடுத்து வந்து என்ன செய்வது? இறங்க வழியில்லை. இறுகிய மேற்பரப்பு ஆளின் எடையைத் தாங்காது. அவர் ஒரு காலை வைத்துப் பார்த்தார், தொடை வரை போய்விட்டது.

ஒதிலியா சமையலறைக்குள் போனாள். ஒளித்து வைத்திருந்த தகரங்களில் பெரியதாக ஒன்றை எடுத்தாள். முன்பக்கத்தை முழங்காலில் வைத்து மேலே வளைத்தாள். அதை மாடி ஜன்னலுக்கு வெளியே வைத்து, பாவாடையைச் சுருட்டிக்கொண்டு, அகப்பையைக் கையில் பிடித்தபடி அதில் உட்கார்ந்தாள். பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை.

"தள்ளுங்க, டீச்சர்."

நான் தள்ளினேன். இன்றுவரை என் வாழ்க்கையில் செய்த காரியங்களில் இதைப் போல மனதுக்குப் பிடித்தது வேறில்லை.

தகரம் ஒரு கணம் நின்றது, பிறகு கிளம்பியது. முற்றத்தைத் தாண்டியது, வேலி இருந்த இடத்தைத் தாண்டியது, சரிவில் விழுந்தது. அதற்குப் பிறகு அதை யாராலும் நிறுத்த முடியாது என்று எல்லாருக்கும் புரிந்துவிட்டது. ஒதிலியாவின் முக்காடு பறந்தது. முடி அவிழ்ந்தது. முதலில் கத்தினாள். பாதி வழியில் அந்தக் கத்தல் சிரிப்பாக மாறியது. வெயிலில், வெள்ளைச் சரிவில், அந்தப் பெரிய உருவம் சுழன்று சுழன்று, சில நேரம் முன்பக்கமாகவும் சில நேரம் பின்பக்கமாகவும் போய்க்கொண்டிருந்தது. சுனில்தா கூரைமேலிருந்து கையாட்டி வழி காட்டினாள். ஒதிலியா அகப்பையைத் துடுப்பு மாதிரி பனியில் குத்தித் திருப்பப் பார்த்தாள். தகரம் கோழிக்கூண்டு மேட்டில் மோதியது. அவள் மட்டும் எழும்பி, ஒரு கணம் காற்றில் உட்கார்ந்திருந்து, கூண்டின் கூரையைப் பிளந்துகொண்டு உள்ளே மறைந்தாள்.

கோழிகள் வெடித்து வெளியே வந்தன. வெள்ளைப் பனியில் சிவப்பும் கறுப்புமாக நாலாபக்கமும் ஓடின.

உள்ளே நடந்ததைச் சுனில்தா எத்தனையோ தடவை சொல்லிக் கேட்டிருக்கிறேன். அவள் தன் வீட்டுக்கூரையை ஒட்டியிருந்த கூண்டின் துளை வழியாகத் தலைகீழாக எட்டிப் பார்த்தாளாம். ஒதிலியா வைக்கோலில் உட்கார்ந்து, உடம்பெல்லாம் முட்டை வழிய, அகப்பையை ஓங்கியபடி இருந்தாள். எதிர்ச் சுவரின் பலகை ஒன்று விலகியது. ஒரு மண்வாரி உள்ளே வந்தது. பிறகு உறைந்த மீசையோடு ஒரு தலை. பெலார்மினோ ஒயார்சோ. இரவெல்லாம் பனிக்கு அடியில் சுரங்கம் தோண்டிக்கொண்டு மேட்டை நோக்கி வந்தவர், இருட்டில் திசை தவறிக் கோழிக்கூண்டுக்குள் வந்துவிட்டார்.

அவர் ஒதிலியாவைப் பார்த்தார். கூண்டைச் சுற்றிப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார்.

"இது பள்ளிக்கூடமா?" என்று கேட்டார்.

"இது சுனில்தா கோழிக்கூண்டு," என்றாள் ஒதிலியா. அகப்பையை இன்னும் இறக்கவில்லை. "புகை எங்க?"

பெலார்மினோ வாய் திறந்தார். ஆறேழு வருடம் ஞாயிற்றுக்கிழமைகளில் பேசியதைவிட அதிகமாக அப்போது பேசினார் என்று சுனில்தா சொல்வாள்.

"டயர் தீந்துபோச்சு. எருது நலமான்னு கேட்டீங்களே, அதுல கடைசித் துண்டு போயிடுச்சு. வெறகெல்லாம் ஈரம். எதைப் போட்டாலும் வெள்ளையாத்தான் வருது. வெள்ளையா வந்துட்டா நீங்க என்ன நெனைப்பீங்க? அதான் அடுப்ப அணைய விட்டுட்டு, நேர்ல சொல்லிடலாம்னு பொறப்பட்டேன்."

"என்னன்னு சொல்ல?"

"கறுப்பு," என்றார் பெலார்மினோ.

சுனில்தா அதைக் கேட்டதும், தலைகீழாகத் தொங்கியபடியே, "சரி, ரெண்டு பேருமா சேந்து என் கோழியப் புடிங்க மொதல்ல," என்றாளாம். பிறகு அழுதாளா சிரித்தாளா என்று அவளுக்கே தெரியவில்லை. முகம் தலைகீழாக இருந்ததால் கண்ணீர் நெற்றிக்குப் போனது என்று மட்டும் சொல்வாள். கோழிகளைப் பிடிக்கப் பகல் முழுக்க ஆனது. அதற்குள் சார்ஜென்டும் ஆண்களும் கதவுகளைக் கழற்றிப் பனிமேல் பரப்பி, ஒன்றின்மேல் ஒன்றாக நகர்த்தி ஒரு பாதை போட்டுக்கொண்டு வந்து சேர்ந்துவிட்டார்கள். பெலார்மினோ குளிரில் விறைத்திருந்தார். கைவிரல்கள் மடங்கவில்லை. ஒதிலியா அவரைக் கம்பளிக்குள் சுற்றி, அதே தகரத்தில் படுக்கவைத்து, கயிற்றைத் தன் தோளில் போட்டு மேட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். உதவ வந்தவர்களை அவள் கிட்டவே சேர்க்கவில்லை.

மறுநாள் மதியம் டோன் அனிசெத்தோ எல்லாச் செய்திக்கும் முன்னால் எங்கள் செய்தியை வாசித்தார். "தோர்தோ காவல் நிலையம் தெரிவிப்பது. கறுப்பு." அதற்கு மேல் ஒன்றும் இல்லை. பிறகு யாரும் கேட்காமலேயே அவர் ஒரு அக்கார்டியன் இசைத்தட்டைப் போட்டுவிட்டார். பள்ளிக்கூடத்தில் பெஞ்சுகளைச் சுவரோடு தள்ளினோம். சுனில்தா பிழைத்த முட்டைகளை எல்லாம் கொண்டுவந்தாள். முதல் நடனம் தனக்கு வேண்டும் என்றாள். எல்லாரும் ஒதிலியாவைப் பார்த்தார்கள். "ஆடிக்கோ, சுனில்தா. உன் கூண்டுலதான கெடைச்சாரு," என்றாள் ஒதிலியா. பெலார்மினோ கட்டுப்போட்ட கைகளோடு சுனில்தாவுடன் ஒரு சுற்று ஆடினார். மரம் நகர்கிற மாதிரி இருந்தது.

திருமணப் பதிவாளர் இல்லாமல் கல்யாணம் ஆகாது. சாலை திறக்க இன்னும் வெகுநாள் ஆகும். இந்த இடத்தில் நகரத்து ரேடியோ நேயர்கள் விடவில்லை. நாடெங்கும் பட்டினி கிடக்கும் கால்நடைகளுக்கு ராணுவ ஹெலிகாப்டர்கள் வைக்கோல் கட்டுகளைப் போட்டுக்கொண்டிருந்தன. எத்தனை பேர் யாரிடம் சொன்னார்களோ தெரியாது. ஒரு காலை ஹெலிகாப்டர் வந்து ஆட்டுத் தீவனத்தை இறக்கியது, வைக்கோலோடு வைக்கோலாகப் பதிவாளர் அம்மாவையும் இறக்கியது. குதிகால் செருப்பும் கருநிறக் கோட்டும் போட்டிருந்தார். தலைமுடியில் வைக்கோல். குளிரில் பற்கள் தந்தியடித்தன. எங்கே மணமக்கள், சீக்கிரம், ஹெலிகாப்டர் காத்திருக்கிறது என்றார். சமையலறையில் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துக் கல்யாணத்தை முடித்தார். சம்மதமா என்று கேட்டபோது பெலார்மினோ வெகுநேரம் எதுவும் சொல்லவில்லை. அவர் வார்த்தை தேடுகிறார் என்று ஒதிலியாவுக்கு மட்டும் தெரிந்தது. பொறுமையாக நின்றாள். கடைசியில் "ரொம்ப நாளா," என்றார். பதிவாளர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். ஒரு தட்டு ஆட்டுக்கறியும் இரண்டு பொரித்த ரொட்டியும் தின்று, மூன்றாவதைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு பறந்து போனார்.

மாலையில் மணமக்கள் ஓடைக்கரை வீட்டுக்குப் புறப்பட்டார்கள். அதற்குள் பனி நன்றாக இறுகிவிட்டது. ஆண்கள் தொழுவத்தைத் தோண்டி எருதுகளை வெளியே கொண்டுவந்து மரச்சறுக்கு வண்டியில் பூட்டியிருந்தார்கள். ஒதிலியா தன் மெத்தையையும் பெரிய பானையையும் ஏற்றி, அவற்றுக்கு நடுவில் அமர்ந்தாள். பெலார்மினோ முன்னால் நின்றார். கிளாவெலும் லுசேரோவும் வாரக்கணக்கில் இருட்டில் அடைபட்டுக் கிடந்தவை. வெயிலையும் அந்த வெளியையும் பார்த்ததும் அவற்றுக்கு என்ன ஆயிற்றோ, வயசான எருதுகள், கன்றுக்குட்டி மாதிரி வாலைத் தூக்கிக்கொண்டு ஓட ஆரம்பித்தன. பெலார்மினோ அவற்றிடம் மெதுவாக ஏதோ சொன்னார். அவை கேட்கவில்லை. முதல் திருப்பத்திலேயே வண்டி கவிழ்ந்தது. மெத்தை ஒரு பக்கம், பானை ஒரு பக்கம், மணமகள் ஒரு பக்கம், மணமகன் தலைகுப்புறப் பனிக்குள் ஒரு பக்கம். எருதுகள் வெறும் வண்டியை இழுத்துக்கொண்டு ஓடை வரை போய், அங்கே நின்று திரும்பிப் பார்த்தன.

மேட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்குப் பேச்சு கேட்கவில்லை. ஒதிலியா எழுந்து பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டாள். குனிந்து அவர் கால்களைப் பிடித்து வெளியே இழுத்தாள். அவர் எழுந்து தொப்பியைத் தேடினார். இரண்டு பேரும் மெத்தையை ஆளுக்கொரு முனையாகப் பிடித்துத் தூக்கிக்கொண்டு, அடிக்கடி வழுக்கி, அடிக்கடி நின்று, எதற்கோ குலுங்கிக் குலுங்கிச் சிரித்தபடி கீழே இறங்கிப் போனார்கள்.